மாதக்கணக்கில் நின்ற காரைக் கிளப்புவது எப்படி: கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

பதினான்கு மாதம் நின்ற கார் அது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் அக்கா வீட்டு ஓரமாக, தகரக் கொட்டகைக்குக் கீழே. மாமா சிங்கப்பூர் போகும்போது சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார், அவ்வளவுதான். "தம்பி, மாமா அடுத்த வாரம் வர்றாங்க. வண்டி எடுக்குதான்னு கொஞ்சம் பார்த்து வைடா" என்று அக்கா போன் செய்தபோது, அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் போனேன். நான்கு நாள் ஆனது. புது பேட்டரிக்கு ஒரு செலவு ஆனது. இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டாருக்கு இன்னொரு பெரிய செலவு ஆகவிருந்து தப்பித்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு சாண் நீளமுள்ள எர்த் பட்டையில் இருந்தது.

நீண்ட நாள் நின்ற வண்டி கிளம்பாவிட்டால் இன்ஜின் போய்விட்டதோ என்றுதான் எல்லோருக்கும் பயம் வருகிறது. இன்ஜின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை வேறு: உப்புக் காற்று, எலி, மழைத் தண்ணீர், பழைய பெட்ரோல். இவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் பாதி வேலையை மெக்கானிக் இல்லாமலே முடித்துவிடலாம்.

சாவியைத் தொடாதீர்கள், பானெட்டைத் திறங்கள்

கொட்டகைக்குப் போனதும் கை தானாகச் சாவியைத் திருகத்தான் பார்க்கும். வேண்டாம். முதலில் பானெட்டின் மேல் இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் கதகதப்பும் எலியும் இருக்கிற இடத்தைத் தேடிப் பாம்பு வரும். தட்டிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து, சற்றுத் தள்ளி நின்று திறங்கள்.

திறந்ததும் டார்ச் அடித்து எலி இருந்த அடையாளம் தேடுங்கள். புழுக்கை, கிழிந்த துணி, தேங்காய் நார், வேர்க்கடலைத் தோல் எல்லாம் கிடக்கும். ஏர் பில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றி உள்ளே பார்க்காமல் விடாதீர்கள். எலி கூடு கட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது. ஒயர் கட்டுகளின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கறுப்பு உறைக்குள் செம்பு பளபளத்தால் பல் பட்டிருக்கிறது என்று அர்த்தம். கடிபட்ட ஒயரோடு சாவியைப் போட்டால் ஃப்யூஸ் போவதோடு நிற்காது, வண்டியின் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் யூனிட்டுக்கும் ஆபத்து. அப்படி இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி வைத்துவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் ஏறிய வண்டியா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. அந்தச் சமயத்தில் வீட்டில் நின்றுகொண்டிருந்த கார், வெளியே துடைத்துப் பளிச்சென்று இருந்தாலும் உள்ளே நனைந்திருக்கலாம். ஆள் ஊரில் இல்லாத வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். சுவரில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காரின் தரை விரிப்பைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சை அமுக்கி முகர்ந்து பாருங்கள். சேற்று வாடை அங்கே மாதக்கணக்கில் நிற்கும்.

அப்புறம் டிப் ஸ்டிக், அதாவது இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் குச்சி. ஆயில் கறுப்பாகவோ தேன் நிறத்திலோ இருந்தால் சரி. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலோ தண்ணீர் கலந்திருக்கலாம். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரைக் காற்று மாதிரி அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். ரெக்கவரி வண்டியை வரவழைத்துப் பணிமனைக்கு அனுப்புவதுதான் ஒரே வழி. இன்சூரன்ஸ் கேட்பதாக இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் படம் எடுத்துவிட்டு அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர்ப் பிரச்சினை இல்லையென்றால் கூலன்ட், பிரேக் ஆயில் அளவுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டிக்கு அடியில் ஈரக் கறை ஏதும் உண்டா என்று குனிந்து பார்த்துவிட்டு, பேட்டரிக்கு வரலாம்.

பேட்டரி

வண்டி அணைந்திருந்தாலும் கடிகாரம், அலாரம், வேறு சாவியில் வண்டியை எடுக்கவிடாத இம்மொபிலைசர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். நல்ல வண்டியில்கூட 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை போகும். 40 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). சின்ன காரில் இருப்பது 35 ஆம்பியர் அவர் பேட்டரி. ஆக ஒரு மாதத்தில் காலி. செல்ஃப் அடிக்கும் தெம்பு அதற்கு முன்பே போய்விடும். "போன மாசம்தான் ஸ்டார்ட் பண்ணேன், அதுக்குள்ள எப்படி?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில்.

மின்சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அணைத்து சில மணி நேரம் கழித்து, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். 10.5-க்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகியிருக்கும். அது மீள்வது சந்தேகம்தான். எங்கள் வண்டியில் காட்டியது 9.8.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். நெகட்டிவ்வை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை உரசுங்கள். இறுக்கி மாட்டிய பிறகு மேலே வேசலின் தடவுங்கள். கடலோரத்தில் இந்தத் தடவலைத் தவிர்க்கவே கூடாது.

சார்ஜர் இருந்தால் பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 35-க்கு 3.5 ஆம்பியரில், ஓர் இரவு போடுங்கள். சார்ஜரை எடுத்து, எதிலும் மாட்டாமல் அடுத்த நாள் வரை வைத்துப் பாருங்கள். 12.5 நின்றால் பேட்டரி நல்லது. 12-க்கு இறங்கிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். அதற்கும் முன்னால் கடையில் லோடு டெஸ்ட், அதாவது பேட்டரியிலிருந்து அதிக மின்சாரம் இழுத்துப் பார்க்கும் சோதனை, செய்து காட்டச் சொல்லுங்கள். வோல்ட்டை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கொடுப்பது

அவசரத்துக்கு இதுதான் வழி. ஆனால் கிளிப் மாட்டும் வரிசை முக்கியம். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக்கூடாது, இரண்டும் அணைந்திருக்க வேண்டும். சிவப்பு ஒயரின் ஒரு முனை செத்த பேட்டரியின் பாசிட்டிவ்வில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்வில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவ்வில். கறுப்பின் கடைசி முனையை மட்டும் செத்த பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கடைசிக் கிளிப்பில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், இரண்டும் ஒரே இடத்தில் சேரக்கூடாது. பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு நம் வண்டியில் செல்ஃப் அடியுங்கள். ஒரு முறைக்குப் பத்து வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். கிளம்பியதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்.

"தள்ளி விட்டா எடுத்துக்கும்" என்று தெருவே கூடி நிற்கும். கியர் வண்டியில், கொஞ்சமாவது சார்ஜ் இருந்தால் இரண்டாவது கியரில் எடுக்கலாம். பேட்டரி முற்றிலும் செத்திருந்தால் பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் இருக்காது, ஊரே தள்ளினாலும் எடுக்காது. ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சத்தத்தைக் கேளுங்கள்

பேட்டரியைச் சரிசெய்தாயிற்று, இன்னும் கிளம்பவில்லை என்றால், சாவியைத் திருகும்போது என்ன சத்தம் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"டக டக டக" என்று வேகமாக அடித்தால் மின்சாரம் போதவில்லை. பேட்டரி அல்லது டெர்மினல். எந்தச் சத்தமும் இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச், கிளட்ச் மிதித்தால்தான் எடுக்கும் வண்டிகளில் கிளட்ச் ஸ்விட்ச், ஆட்டோமேட்டிக்கில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் சரியாக உட்காராதது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது பெட்ரோல் அல்லது தீப்பொறி சமாச்சாரம், அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்களைப் படுத்தியது நான்காவது வகை: ஒரே ஒரு "டக்". புது பேட்டரி, 12.7 வோல்ட், ஹாரன் ஊரைக் கூட்டுகிறது, ஹெட்லைட் பளீரென்று எரிகிறது, சாவியைத் திருகினால் ஒரு "டக்", அப்புறம் அமைதி. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் இரண்டே நிமிடத்தில் "செல்ஃப் மோட்டார் போச்சு சார், புதுசு போட்ரலாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அன்றைக்கு மோட்டார் கடையில் இல்லை என்பதால் பிழைத்தேன்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அண்ணன், "பேட்டரியே டூப்ளிகேட்டா இருக்குமோ, என் வண்டியிலேர்ந்து ஜம்ப் குடுத்துப் பார்ப்போம்" என்றார். கறுப்புக் கிளிப்பை இன்ஜின் இரும்பில் மாட்டினேன். சாவியைத் திருகியதும் கிளம்பிவிட்டது. அணைத்து, கேபிளைக் கழற்றி, மறுபடி திருகினால் பழையபடி "டக்". செல்ஃப் மோட்டார் செத்திருந்தால் ஜம்ப் கொடுத்தும் சுற்றியிருக்கக் கூடாதே! இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பானெட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றோம். கிளிப் நேராக இன்ஜினில் உட்கார்ந்ததுதான் வித்தியாசம்.

பேட்டரியின் நெகட்டிவ்விலிருந்து வரும் ஒயர் பல வண்டிகளில் பாடியில் போய் முடியும். பாடியிலிருந்து இன்ஜினுக்குச் சடை போலப் பின்னிய இன்னொரு செம்புப் பட்டை போகும். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் செல்ஃப் மோட்டாருக்கு முக்கியமான எர்த் வழி இந்தப் பட்டைதான். அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், உப்புக் காற்று நன்றாகப் படும் இடத்தில் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தபோது பச்சைப் பொடி பூத்து, கையால் இழுத்ததும் நார் நாராக உதிர்ந்தது.

விளக்கு எரிகிறதே, பிறகு எப்படி மின்சாரம் இல்லை என்கிறாய் என்று மாமா போனில் கேட்டார். விளக்கின் எர்த் பாடியிலேயே இருக்கிறது, அதற்கு இந்தப் பட்டை தேவையே இல்லை. தேவைப்பட்டாலும் விளக்குக்குச் சில ஆம்பியர்தான் வேண்டும். செல்ஃப் மோட்டாருக்கு 150 ஆம்பியர்போல வேண்டும். களிம்பேறிய பட்டையில் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை, அதாவது 0.05 ஓம் இருந்தாலே, 150 ஆம்பியர் போகப் பார்க்கும்போது 7.5 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு மோட்டார் "டக்" என்று சொல்வதோடு சரி.

இதைச் சோதிப்பது சுலபம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். விளக்கு மங்கி அணைந்தால் பேட்டரி அல்லது டெர்மினல். விளக்கு அசையாமல் பளீரென்றே இருந்தால் செல்ஃபுக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. அடுத்து, ஜம்பர் கேபிளின் கறுப்பு ஒயரை மட்டும் எடுத்து, பேட்டரி நெகட்டிவ்விலிருந்து இன்ஜின் இரும்புக்கு நேராக மாட்டித் திருகுங்கள். இப்போது சுற்றினால் எர்த்தான் குற்றவாளி. புதுப் பட்டைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆனது. போல்ட் உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, மாட்டியபின் கிரீஸ் தடவினோம்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

முதலில் மீட்டரில் சாவி அல்லது பூட்டு படம் போட்ட விளக்கைப் பாருங்கள். அது விட்டுவிட்டு மின்னினால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியில் முயலுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால் ரிமோட்டின் பட்டன் செல் தீர்ந்திருக்கும். பல மாடல்களில் ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனுக்கு ஒட்டினாற்போல் பிடித்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது பெட்ரோல். வானொலி, மின்விசிறி எல்லாம் அணைத்து, சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் கொண்டுபோய்ப் பின் இருக்கைப் பக்கம் காதை வையுங்கள். இரண்டு வினாடி "ம்ம்ம்" என்று பம்ப் முனகும். முனகல் இல்லையென்றால் பம்பின் ஃப்யூஸைப் பாருங்கள். ஃப்யூஸ் நன்றாக இருந்தால் பம்ப் உள்ளே பிசின் பிடித்து ஒட்டியிருக்கலாம். ஒருவர் சாவியை 'ஆன்' செய்ய, இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் சில சமயம் விடுபடும். விடுபட்டாலும் அந்தப் பம்பை நம்பி நெடுந்தூரம் போகாதீர்கள்.

பெட்ரோல் கெட்டுப்போகும் என்பதைப் பலர் நம்புவதில்லை. ஆறு மாதம் தாண்டினால் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், பற்றிக்கொள்ளும் தெம்பு குறையும். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் இழுத்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் படியும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். புழுக்கமான ஊரில் கால் டேங்க் பெட்ரோலும் முக்கால் டேங்க் காற்றுமாக நிறுத்திய வண்டிக்கு இது சீக்கிரம் வரும். டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோலின் காரமான வாடைக்குப் பதிலாகப் புளித்த வார்னிஷ் வாடை வந்தால், மெக்கானிக்கை வைத்தாவது முழுதாக இறக்கிவிடுங்கள். வாடை நன்றாக இருந்து, அளவும் குறைவாக இருந்தால் பத்து லிட்டர் புதிதாக ஊற்றினால் போதும். முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் விலை குறைவு என்று கேனோடு கிளம்பிவிடாதீர்கள், முதலில் பக்கத்து பங்கில் வாங்கி வண்டியை ஓட வையுங்கள்.

பம்ப் ஓடுகிறது, பெட்ரோலும் புதிது, பலமுறை அடித்ததில் பெட்ரோல் வாடை மட்டும் தூக்குகிறது என்றால் ஸ்பார்க் பிளக் நனைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்து வினாடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும். அப்படியும் பிடிக்கவில்லையா, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள்.

டீசல் வண்டியில் பெரும்பாலும் பில்டரில் தண்ணீரோ லைனில் காற்றோ. பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை தண்ணீரை இறக்குங்கள். பிறகு கை பம்ப் இருந்தால் அது இறுகும்வரை அமுக்கி ஏர் எடுங்கள்.

ஓராண்டுக்கு மேல் நின்றிருந்தால்

ஆயில் எல்லாம் கீழே இறங்கி, மேல் பாகங்கள் வறண்டிருக்கும். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஐந்தைந்து வினாடியாக மூன்று நான்கு முறை செல்ஃப் அடித்தால், இன்ஜின் பற்றாமல் சுற்றி ஆயில் மேலேறும். பிறகு ஃப்யூஸை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். பல ஆண்டுகள் நின்ற வண்டிக்கு மெக்கானிக் பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பார். அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

கிளம்பிய பிறகு

சிவப்பு ஆயில் விளக்கு சில வினாடிக்குள் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். முதல் சில நொடி இன்ஜினின் மேல் பக்கம் டாப்பெட் (வால்வை அசைக்கும் பாகம்) தட்டும் சத்தம், ஒரு நிமிடம் வெண்புகை, சைலன்சரில் தண்ணீர், இவை சகஜம். குஷியில் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்காதீர்கள். ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது.

வண்டி நகர மறுத்தால் கியர் பெட்டியைத் திட்டாதீர்கள். ஹேண்ட் பிரேக் இழுத்தபடி நிறுத்தியிருந்தால் பின் டிரம்மில் பிரேக் ஷூ துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றி மெதுவாக அசைத்துப் பாருங்கள். "டங்" என்று விடுபடும். வராவிட்டால் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் தட்ட வேண்டும். தெருவில் இறங்கும் முன் பிரேக் பெடலை அழுத்திப் பிடியுங்கள். கால் கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கும் போகக் கூடாது. டிஸ்க்கில் உள்ள துரு பத்துப் பதினைந்து பிரேக்கில் போய்விடும். டயரில் காற்று, பக்கவாட்டில் வெடிப்பு, இன்சூரன்ஸ் தேதி, புகைச் சான்றிதழ் எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் வாசலிலேயே ஓடவிடுவது பேட்டரிக்குப் பற்றாது. நாங்கள் மஞ்சக்குப்பம் வழியாகப் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி வரை போய்த் திரும்பினோம். முதல் இரண்டு கிலோமீட்டர் டயர் தடதடவென்று அடித்தது. நின்ற இடத்தில் தட்டையாகியிருந்த டயர் சூடேறியதும் அடங்கிவிட்டது.

மாமா மூன்று வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பிப் போனார். இந்த முறை டேங்கை நிரப்பி, டயரில் சற்றுக் கூடுதல் காற்று அடித்து, ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தோம். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி ஒரு துணியைச் சுற்றிவிட்டேன். "பத்தாம் நம்பர் ஸ்பேனரை எங்கடா வச்ச?" என்று விமான நிலையத்திலிருந்து போன் வந்தது. சாவியோடு சேர்த்து அதே ஆணியில்தான் தொங்குகிறது.